வாயைத் திறக்காதவன்

“மெதுவா ஓட்டுங்கன்னு சொன்னேனே… காதுல விழலையா?”

கெருபோவின் குரல் மழையையும் மீறி மட்டாட்டு வேனுக்குள் ஒலித்தது. நைரோபியை விட்டதிலிருந்து ஓட்டுநர் லாரிகளை முந்திக்கொண்டேதான் வந்தான். உள்ளே அத்தனை பேரும் முன் இருக்கையை இறுக்கிப் பிடித்திருந்தார்கள். ஆனால் ஒருவராவது வாயைத் திறக்க வேண்டுமே!

பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தாள். அப்பப்பா, என்ன கண்கள்… அவையும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. உதடு மட்டும் அசையவில்லை. சீ… இவ்வளவு அழகாக ஒரு கோழையா!

மலைச்சரிவு தொடங்குமுன் கிமெண்டேயில் வண்டி நின்றது. சுட்ட சோளம் தின்றுகொண்டிருந்தவளிடம் அவனே வந்தான்.

“என் பேர் பராசா. பல்கலைக்கழகத்துல மனோதத்துவ ஆராய்ச்சி பண்றேன். வண்டி தறிகெட்டு ஓடினாலும் ஜனங்க ஏன் பேச மாட்டேங்கறாங்கன்னு பார்க்கறோம். பார்க்கறவன் குறுக்கே பேசக் கூடாது… அது விதி.”

“ஓஹோ! நாங்க உருண்டு செத்தாலும் பார்த்துக்கிட்டே இருப்பீங்க?”

அவன் முகம் சுண்டிப்போயிற்று. “எல்லாருக்கும் பயம்தாங்க. ஆனா பக்கத்துல இருக்கறவர் சும்மா இருக்காரே, நமக்கு மட்டும்தான் பயம் போலன்னு ஒவ்வொருத்தரும் நினைச்சுக்கறாங்க. கூட ஒருத்தர் சேர்ந்தா போதும்…”

“அந்த ஒருத்தர் நீங்க இல்லை. இந்தக் கெருபோ தனியாத்தான் கத்தணும். அவ்வளவுதானே?”

விறுவிறுவென்று ஏறி, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சரிவில் மூடுபனி. வளைவில் திடீரென்று எதிரே விளக்குகள்… வேன் மயிரிழையில் தப்பியது.

“நிறுத்துய்யா!” என்று அலறினாள்.

ஓட்டுநர் நிறுத்தியே விட்டான். நடத்துநர் கதவைத் திறந்தான். “அவ்வளவு பயமா இருந்தா இறங்கி நடங்க, சிஸ்டர்.”

வெளியே கொட்டும் மழை… ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம். கெருபோ பையை எடுத்தாள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஐயோ, இங்கே தனியாகவா…

“அவங்க இறங்கினா நானும் இறங்கறேன்!”

பராசா! தலை கூரையில் இடிக்க எழுந்து நின்றிருந்தான்.

பின்னாலிருந்து உருளைக்கிழங்கு மூட்டைக்காரம்மா சீறினாள். “நானும் இறங்கறேன்டா! காசைத் திருப்பிக் குடு!” அடுத்து ஒரு பெரியவர்… அப்புறம் வேன் முழுக்க ஒரே கூச்சல். நடத்துநர் கதவைச் சாத்தினான். வண்டி ஒழுங்காக ஊர்ந்து கீழே இறங்கியது.

நாரோக் வண்டி நிலையத்தில் இறங்கியபோதும் மழை விடவில்லை.

“உங்க ஆராய்ச்சி…?”

“இன்னிக்குப் பாழ். விதியை மீறினவனை இனிமே வெச்சுக்க மாட்டாங்க.”

“அப்புறம் ஏன் பேசினீங்க?”

வாயைத் திறந்தான்… மூடிக்கொண்டான். மறுபடியும் அதே மௌனம்! அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அப்போதுதான் அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருப்பதைக் கண்டாள். இவனுக்கும் பயமா? அவள் நெஞ்சும் படபடவென்றுதானே அடித்துக்கொள்கிறது…

“சரி, நானே முதல்ல சொல்லிடறேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. இப்பவாவது கூடச் சேருவீங்களா, மாட்டீங்களா?”

பராசா நனைந்தபடியே சிரித்தான்.

“அந்த வளைவுலயே சேர்ந்துட்டேனே, கெருபோ…”