பஞ்சுவின் பாட்டும் குடல் நரம்பும்

இசை அறையில் இருந்த டபுள் பேஸ், அதாவது வயலின்மாதிரியே இருக்கும் பெரிய வாத்தியம், அதை வாசிக்கும் சிறுமி பல்லியைவிட ஒரு சாண் உயரம். மரப்பெட்டி ஒன்றின்மேல் ஏறி நின்று, அதன் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டுதான் அவள் வாசிப்பாள். தூரத்திலிருந்து பார்த்தால் சுவரில் பல்லி ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் தெரியும். பல்லி என்ற பட்டப்பெயர் அப்படித்தான் வந்தது. முதலில் ஒரு வாரம் கோபப்பட்டாள். பிறகு அவளே தன் நோட்டு அட்டையில் அப்படி எழுதிக்கொண்டாள்.

போன வருஷம் அந்தப் பேஸில் இருந்தவை துருப்பிடித்த பழைய கம்பிகள். பள்ளி வாத்தியக் குழுவின் பின்வரிசையில் பல்லி வாசிக்கிறாள் என்பதே யாருக்கும் தெரியாது. இந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் புதிதாக எஃகுக் கம்பிகள் போட்டார்கள். விரலால் ஒரு சுண்டு சுண்டினால் போதும், 'டூம்ம்ம்' என்று சத்தம் அறை முழுக்க நிற்கும். ஜன்னல் கண்ணாடிகூட அதிரும். விரல்நுனியெல்லாம் கொப்புளம் வந்தது. ஆனாலும் பல்லிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

இதில் மாட்டிக்கொண்டவன் பஞ்சு. அவள் வகுப்புத்தான். அவன் குரல் பஞ்சுமாதிரி இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் கேட்டால்கூட இரண்டு தடவை கேட்க வேண்டும். ஆனால் நன்றாகப் பாடுவான். தொலைந்துபோன குடையைப் பற்றி அவனே ஒரு வேடிக்கைப் பாட்டு எழுதியிருந்தான். அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளி நிகழ்ச்சியில் அதைப் பாட வேண்டும். துணைக்குப் பல்லியின் பேஸ் மட்டும்.

பாட்டு மிஸ் அரங்கத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டார்.

"ஒரு வார்த்தைகூடப் புரியலப்பா. கொஞ்சம் சத்தமா பாடு."

"சத்தமாத்தான் மிஸ் பாடுறேன்."

"என்ன சொன்னே?"

"சத்தமாத்தான் பாடுறானாம் மிஸ்" என்று பல்லி கத்திச் சொன்னாள்.

மைக் வைத்துப் பார்த்தார்கள். பக்கத்தில் நின்ற பேஸின் சத்தத்தையும் அது சேர்த்துப் பெரிதாக்கியது. பல்லி மெதுவாகச் சுண்டிப் பார்த்தாள். மெதுவாகச் சுண்டினாலும் எஃகுக் கம்பி அதிர்வதை நிறுத்தவில்லை.

மிஸ் முன்னால் வந்தார். "வேடிக்கைப் பாட்டுல வார்த்தை கேக்கலைன்னா யார் சிரிப்பாங்க? வியாழக்கிழமை வரைக்கும் பார்ப்போம். சரியாகலைன்னா இந்தப் பாட்டை எடுத்துடலாம்."

பஞ்சு சரி என்று தலையாட்டினான். அவன் காது மட்டும் சிவந்துபோனது.

கடைசியாக ஒரு தடவை வாசித்தபோது பல்லியின் விரலில் இருந்த கொப்புளம் உடைந்தது. சுரீரென்று எரிய, அவள் கையை உதறினாள். பேஸின் சத்தம் அடங்கியது. பஞ்சு நிறுத்தாமல் பாடிக்கொண்டே போனான். அந்த இரண்டு வரியைக் கேட்டு, தூரத்தில் மிஸ் வாய்விட்டுச் சிரித்தார். பல்லி மறுபடி வாசிக்கத் தொடங்கியதும் மிஸ் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு முன்னால் சாய்ந்தார்.

பல்லிக்கு விஷயம் பிடிபட்டது. பஞ்சுவின் குரலில் ஒரு குறையும் இல்லை. அவளுடைய ஒவ்வொரு 'டூம்ம்ம்'மும் அடுத்த வார்த்தையின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அந்தச் சத்தத்துக்காகத்தான் அவள் ஒரு வருஷம் ஏங்கினாள்.

மறுநாள் காலையில் பஞ்சுவை இழுத்துக்கொண்டு பட்டறை அக்காவிடம் போனாள். பள்ளியின் வாத்தியங்களைப் பழுது பார்ப்பது அந்த அக்காதான். எப்போதும் கையில் பசையும் காதில் பென்சிலும் இருக்கும்.

"அக்கா, சுண்டினதும் சத்தம் வரணும், உடனே நின்னுடணும். அந்தமாதிரி கம்பி இருக்கா?"

"கம்பியில கிடையாது. நரம்புல இருக்கு" என்று அக்கா மேசை இழுப்பறையிலிருந்து இரண்டு உறைகளை எடுத்தார். "ஆட்டுக் குடலை முறுக்கிச் செஞ்சது."

பஞ்சு ஏதோ சொன்னான்.

"என்னவாம்?" என்றார் அக்கா.

"ஆடுமாதிரி கத்துமான்னு கேக்குறான்."

"உங்க ரெண்டு பேரையும்விட மரியாதையாத்தான் பேசும்."

பட்டறையில் ஒரு பேஸில் குடல் நரம்பே மாட்டியிருந்தது. பல்லி சுண்டிப் பார்த்தாள். 'தும்' என்றது, உடனே அடங்கிவிட்டது. விரலுக்கடியில் தடிமனாக, மெத்தென்று இருந்தது.

"பஞ்சு, எதிர்ப்பக்கம் போய் நின்னு பாடு" என்றாள்.

அவன் தெருவைத் தாண்டிப் போய் நின்று பாடினான். பல்லி வாசித்தாள். இரண்டு சைக்கிளும் ஒரு வேனும் குறுக்கே போயின. அப்படியும் குடையை எந்தெந்தக் கடையில் தேடினான் என்பது தெளிவாகக் கேட்டது.

"ரெண்டு உறையில எது வேணும்?" என்று அக்கா கேட்டார். ஒன்றில் நான்குமே வெறும் நரம்பு. மற்றதில் தடித்த இரண்டின்மேல் மெல்லிய கம்பி சுற்றியிருந்தது.

"என்னக்கா வித்தியாசம்?"

"வெறும் நரம்புல கீழ்ச்சுருதி தொம்முனு இருக்கும், தெளிவா தெரியாது. கம்பி சுத்தினதுல தெரியும். ஆனா ஒரு துளி கூடுதலா அதிரும்."

பல்லி யோசித்தாள். சுருதி தெரியாவிட்டால் பஞ்சு எதைப் பிடித்துக்கொண்டு பாடுவான்? கம்பி சுற்றியதை எடுத்துக்கொண்டாள்.

"எடுத்துட்டுப் போ. யாரோ வேண்டாம்னு கழட்டினது. ஆனா ஒண்ணு, உன் சத்தம் பாதியாயிடும். கடைசி வரிசைக்குக் கேக்கறதே சந்தேகம்."

"தெரியும்க்கா" என்றாள் பல்லி. சொல்லும்போது வருத்தமாகத்தான் இருந்தது.

"ஒண்ணைக் கழட்டி ஒண்ணை மாட்டு. நாலையும் சேர்த்துக் கழட்டிடாதே" என்று அக்கா எச்சரித்தார்.

இதைக் கேட்க பஞ்சு அங்கே இல்லை. எதிர்ப்பக்கத்தில் நின்று இன்னும் பாடிக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை மதியம், மிஸ்ஸிடம் அனுமதி வாங்கி, இசை அறையில் பேஸைப் படுக்க வைத்தார்கள். பல்லி முதல் கம்பியைக் கழற்றிவிட்டு நரம்பைத் துளையில் கோக்கக் குனிந்தாள். அது கம்பியைவிடத் தடிமன். துளைக்குள் போவேனா என்று அடம்பிடித்தது. ஏதோ ஒரு பாட்டைச் சத்தமாகப் பாடியபடி அதோடு மல்லுக்கட்டினாள்.

"மத்ததைக் கழட்டட்டுமா?" என்று பஞ்சு கேட்டான். அவள் பாட்டில் அது அமுங்கிப்போனது. இன்னொரு தடவை கேட்டான். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லையே என்று எண்ணி, திருகுகளைத் திருப்ப ஆரம்பித்தான். நல்ல பிள்ளை. மூன்றையும் முழுசாகத் தளர்த்திவிட்டான்.

டமாரென்று ஒரு சத்தம். கம்பிகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டுக்குக் குதிரை என்று பெயர். அந்தக் குதிரை விழுந்து தரையில் உருண்டது. பேஸின் வயிற்றுக்குள்ளும் ஏதோ 'கடகட' என்று ஓடியது.

"நான் ரெண்டு தடவை கேட்டேன்" என்றான் பஞ்சு. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டிருந்தது.

பல்லிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தாள். அப்புறம் யோசித்தாள். அவன் கேட்டிருப்பான், அவள்தான் பெரிதாகப் பாடிக்கொண்டிருந்தாள்.

"நான் உன்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும். அக்கா எச்சரிச்சாங்க" என்றாள்.

"மிஸ்கிட்ட நான் போய்ச் சொல்றேன்."

"நீ சொன்னா மிஸ்ஸுக்குக் கேக்காது. நானும் வரேன்."

பஞ்சு மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்துவிட்டான்.

மிஸ் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். ஆனால் திட்டவில்லை. சாயங்காலம் மூவரும் பேஸின் அடியில் சக்கரத்தை மாட்டிப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அக்கா அதை ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுச் சொன்னார்:

"உள்ளே முட்டுக் கொடுக்கிற குச்சி விழுந்திருக்கு. வேற ஒண்ணும் ஆகலை. நல்ல காலம்."

பல்மருத்துவர் வைத்திருப்பதுபோன்ற குட்டிக் கண்ணாடியையும் வளைந்த இரும்பு ஒன்றையும் பேஸின் துளைக்குள் விட்டு, குச்சியை நிமிர்த்தினார். குதிரையை நிறுத்தினார். நரம்பைப் பல்லியே மாட்டினாள். இந்தத் தடவை பஞ்சு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

"புது இடத்துல நரம்பு இழுபட்டுக்கிட்டே இருக்கும். சுருதி நிக்க ஒரு வாரமாவது ஆகும்" என்றார் அக்கா.

ஒரு வாரம் எங்கே இருக்கிறது? மூன்று நாள்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமையிலிருந்து பல்லி ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் இசை அறைக்கு ஓடினாள். திருகை முறுக்கிச் சுருதி சேர்ப்பாள். நாற்பது நிமிஷம் கழித்து வந்தால் நரம்பு இறங்கியிருக்கும். மறுபடி முறுக்குவாள். அவள் ஓட முடியாதபோது பஞ்சு ஓடினான்.

"உங்களுக்கு வயிறு ஏதாவது சரியில்லையா?" என்று கணக்கு சார் அக்கறையாக விசாரித்தார்.

"எங்களுக்கு இல்ல சார், ஆட்டுக்கு" என்றாள் பல்லி. சார் அதற்குமேல் கேட்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் நரம்பு ஒரு மணி நேரம் இறங்காமல் நின்றது. மிஸ் கடைசி வரிசையில் உட்கார்ந்து முழுப்பாட்டையும் கேட்டார். பிறகு நிகழ்ச்சித் தாளை எடுத்து, பஞ்சுவின் பாட்டுக்கு நேராகப் போட்டிருந்த கேள்விக்குறியை அழித்தார்.

வெள்ளிக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. பல்லி மேடைக்குப் பின்னால் கடைசியாக ஒரு தடவை சுருதி சேர்த்துவிட்டு வந்து பெட்டிமேல் ஏறினாள். தும், தும், தும் என்று தொடங்கினாள். சத்தம் அவள் காலடியைத் தாண்டிப் போகிறதா என்றே தெரியவில்லை. ஒரு நொடி, கழற்றிய எஃகுக் கம்பிகள்மேல் ஆசை வந்தது.

பஞ்சு பாடினான். குடையைக் காணவில்லை. நான்கு கடையில் கேட்டாயிற்று. பேருந்தில் தேடியாயிற்று. மழை பிடித்துக்கொண்டது. தேடுவதை நிறுத்த முடியுமா? நனையாமல் இருக்க, கையிலிருந்த குடையை விரித்துக்கொண்டு மேலும் தேடினான்.

முதலில் முன்வரிசை சிரித்தது. சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் போய், கடைசி வரிசையில் போய் வெடித்தது. அங்கிருந்து வந்த பெரிய சிரிப்பு பல்லியின் அப்பாவுடையது. வேலை முடிந்து தாமதமாக வந்ததால் அவருக்கு அங்கேதான் இடம் கிடைத்திருந்தது.

நிகழ்ச்சி முடிந்ததும் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"அந்தப் பையன் பாட்டு ஒரு வார்த்தை விடாம கேட்டுச்சும்மா. கையிலேயே குடையை வெச்சுக்கிட்டு…" என்று மறுபடி சிரித்தார். அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. "ஆமா, பெட்டிமேல நீ நின்னதைப் பார்த்தேன். அந்தப் பாட்டுக்கு நெஜமாவே வாசிச்சியா என்ன?"

"வாசிச்சேன்ப்பா" என்றாள் பல்லி. "ரொம்ப நல்லா வாசிச்சேன்."