பதினோரு கிலோ ஈயம்

டெலிபோன் அலறியது!

டாக்டர் எடுக்கவில்லை. காலையிலிருந்து வருவதெல்லாம் துக்கம் விசாரிக்கிற போன்கள்தான்.

செத்தவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. அணு விஞ்ஞானி. நேற்று மாலை நான்கு மணிக்கு, ஆராய்ச்சிக்கூடத்தில், மண்டை பிளந்து...

அவளுக்கு அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி மனசு மரத்துப் போயிருந்தது.

அவளுடைய ஸ்கேன் அறையில் இப்போது இரண்டு பேர். நாற்காலியில் இன்ஸ்பெக்டர். கட்டிலில், சட்டையைக் கழற்றிவிட்டு, அவள் கணவன். அவனும் விஞ்ஞானிதான். தம்பியின் பக்கத்து அறையில் அதிர்வலை ஆராய்ச்சி.

"உங்க தம்பியைக் கொன்னது பதினோரு கிலோ ஈயக்கட்டி, டாக்டர். கதிர்வீச்சைத் தடுக்கச் சுவர் மாதிரி அடுக்கியிருக்காங்களே... அதுல தலைக்கு மேல இருக்குற உச்சி வரிசையில இருந்து எடுத்து அடிச்சிருக்கான்."

"கைரேகை?"

"ஈயத்தைத் தொடுற எல்லாரும் க்ளவுஸ் மாட்டிக்கிறாங்க. என் பொழப்புல மண்ணு!"

"தம்பி கத்தியிருப்பானே சார்... யாருக்கும் கேக்கலையா?"

"பக்கத்து ரூம்ல அதிர்வலைக் குழாய் வெடிச்ச நேரம். சோதனைக்காக தினமும் தானா வெடிக்கிறதுதானாம்."

இன்ஸ்பெக்டர் கணவனைப் பார்த்தார்.

"உங்க ஆராய்ச்சி அளவுகள் எல்லாம் போலின்னு மேலிடத்துக்கு எழுத இருந்தார் உங்க மச்சான். பாதி லெட்டர் மேஜை மேல கிடந்துது."

"அதுக்காக? எனக்கு ஆறு மாசமா வலது தோள் போச்சு சார்! தலை வாரக்கூடக் கை ஏறாது. இவளையே கேளுங்க!"

"அந்த நேரத்துல கட்டடத்துல இருந்தது நீங்களும், ஒரு லேப் டெக்னீஷியனும்தான். அவனை உள்ள வெச்சிருக்கேன். ராத்திரி பூரா அழுதிருக்கான். உங்க கை நிஜமாவே ஏறாதுன்னா, கொலைக் கேஸ் அவன் தலையில!"

அவள் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கு அரசு டாக்டரும் பார்ப்பார். ஆனா முதல்ல நீங்கதான் பாக்கணும்னு இவர் ஒத்தைக்கால்ல நிக்கிறார்."

ஆறு மாதமாகக் கூப்பிட்டும் வராதவன்! வாளி தூக்கச் சொன்னால் தோள் வலிக்கும். ஸ்கேன் பார்க்கலாம் என்றால், 'டாக்டர் வீட்லயே இருக்கா, அவசரம் என்ன?' என்பான்.

அவள் வலது தோளில் ஜெல்லியைத் தடவினாள். ஸ்கேன் கருவியை வைத்து அழுத்தினாள்.

திரையைப் பார்த்தாள்.

"தசைநார் அறுந்திருக்கு. முழுசா."

கணவன் பெருமூச்சு விட்டான்.

"நான் சொல்லலே?"

இன்ஸ்பெக்டர் நோட்டை மூடினார். "அப்ப டெக்னீஷியன்தான்..."

தொழில் பழக்கம். அவள் எப்போதும் இரண்டு தோளையும் பார்த்து ஒப்பிடுவாள். இடது தோளில் கருவியை வைத்தாள். மறுபடி வலது.

கை நின்றது.

வாயைத் திறந்தால் புருஷன் போவான். மூடிக்கொண்டால், ஒரு பாவமும் அறியாத டெக்னீஷியன் போவான். தம்பிக்கு அவள்தான் சோறு ஊட்டி வளர்த்தாள். திரையை இன்ஸ்பெக்டர் பக்கம் திருப்பினாள்.

"நோட்டைத் திறங்க, சார்."

"என்ன டாக்டர்?"

"ஆறு மாசத்துக்கு முன்னாடி அறுந்திருந்தா இந்தத் தசை வத்திப் போயிருக்கும். பாருங்க, இடது பக்கம் மாதிரியே திடமா இருக்கு. சுத்திக் கறுப்பாத் தெரியுதே... ரத்தம். புத்தம் புதுசு!"

"என்னடி உளர்றே?"

அவள் அவனை நேராகப் பார்த்தாள்.

"ஆறு மாசமா உங்க தோளுக்கு ஒண்ணுமே இல்லீங்க. வாளி தூக்கச் சோம்பல்பட்டு நடிச்சீங்க. நேத்துதான் கனமா எதையோ தலைக்கு மேல தூக்கியிருக்கீங்க. அப்பத்தான் நிஜமாவே அறுந்திருக்கு!"

கட்டிலிலிருந்து துள்ளினான். வலது கையை ஊன்றியதும் "அம்மா!" என்று சுருண்டான்.

"அந்த லெட்டர் போயிருந்தா என் இருபது வருஷ உழைப்பும் நாசம்... உனக்கு என்ன தெரியும்?"

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார்.

"உயிர் போகுதுடி... நீ டாக்டர்தானே? ஏதாவது வைத்தியம் சொல்லு!"

அவள் கருவியிலிருந்த ஜெல்லியைத் துடைத்தாள்.

"ஆறு வாரம் கையை அசைக்கவே கூடாது. சார், விலங்கைக் கொஞ்சம் டைட்டாவே மாட்டுங்க!"