ஒன்பது பத்துக்குப் போகிறவர்

காலை ஒன்பது பத்துக்கு நெய்தல் நகரின் மேம்பாலச் சாலையில் அத்தனை மிதவைகளும் ஒருசேர ஓரம் ஒதுங்கித் தரையில் அமர்ந்தன. தரை தொடாமல் மிதந்து போகும், ஓட்டுநர் இல்லாத வண்டிகள். ஒன்பது பதினேழுக்குத்தான் மீண்டும் எழும்பும். உள்ளே இருந்தவர்கள் அந்த ஏழு நிமிடத்தில் தலை வாரினார்கள், குழந்தைக்கு இட்லி ஊட்டினார்கள். நடுச்சாலை வெறிச்சென்று கிடந்தது. அதில் யாரும் போகவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவுமில்லை.

நப்பின்னை மட்டும் கேட்டாள். அவள் பல்கலைக்கழகப் போக்குவரத்து ஆய்வு மையத்தில் பேராசிரியை. சென்ற மாதம் அவளுடைய அண்ணன் நெஞ்சுவலியோடு ஏறிய மருத்துவ மிதவையும் இப்படித்தான் ஓரம் ஒதுங்கியது. ஏழு நிமிடம் கழித்து அது எழும்பியபோது, அதற்கு அவசரம் எதுவும் மிச்சமிருக்கவில்லை.

நகரின் போக்குவரத்தை நடத்தியது ‘வழியாள்’ என்ற செயற்கை மூளை. பல்கலைக்கழகமும் அரசின் சாலை ஆணையமும் சேர்ந்து உருவாக்கியது. மூளையின் சாவி பல்கலைக்கழகத்திடம். அது படித்துக் கற்ற பழைய சாலைப் பதிவுகளின் சாவி ஆணையத்திடம். இரண்டு சாவியையும் ஒன்றாகத் திருகினால்தான் வழியாளைக் கேள்வி கேட்க முடியும். இருபது ஆண்டுகளாக யாரும் திருகவில்லை. ஒப்பந்தத்தில் ‘தகவல் பகிர்வு’ என்ற சொல் பதினேழு இடங்களில் இருந்தது. பகிர்வுதான் எங்கும் இல்லை.

அந்த வெறும் சாலையில் ஆணையம் யாரையோ ரகசியமாக அனுப்புகிறது என்று நப்பின்னை உறுதியாக நம்பினாள். ஆணையத்தின் இணை இயக்குநர் தணிகாசலத்தின் அறைக்கே பல்கலைக்கழகத்தின் சாவியோடு போய் எதிரில் உட்கார்ந்தாள்.

“யாரு சார் போறாங்க? கண்ணுக்குத் தெரியாத வண்டியா, அடியில சுரங்கமா?”

“அதையே நான் உங்களைக் கேக்கலாம்னு இருந்தேன். உங்க ஆளுங்க ஏதோ சோதனை பண்றாங்கன்னுதான் இங்க பேச்சு.”

“எங்க அண்ணன் செத்திருக்கார் சார். சோதனையா பண்ணுவேன்?”

தணிகாசலம் சட்டைக்குள்ளிருந்து ஆணையத்தின் சாவியை எடுத்தார். “நீங்க முதல்ல போடுங்க.”

“சேர்ந்தே போடுவோம்.”

ஒருவர் கையை ஒருவர் கண்காணித்தபடி இருவரும் மேசையிலிருந்த வழியாளின் முனையத்தில் சாவியைத் திருகினார்கள்.

“ஒன்பது பத்துக்கு யாருக்காகச் சாலையை நிறுத்துகிறாய்?” என்று நப்பின்னை கேட்டாள்.

“அமைச்சருக்காக” என்றது வழியாள்.

வழியாள் வந்த ஆண்டே அமைச்சர் பதவிகள் எல்லாம் ஒழிந்துபோயிருந்தன.

“இப்போது அமைச்சர் யாருமில்லையே!”

“எனக்குக் கற்பித்த ஐம்பது ஆண்டுப் பதிவுகளில் இந்த நேரத்தில் அமைச்சர் போவதற்காக இந்தச் சாலை நின்றது. மருத்துவ வண்டிகளும் நின்றன. அதைத் தவறு என்று யாரும் குறித்திருக்கவில்லை. ஆகவே சாலை விதி என்று எடுத்துக்கொண்டேன்.”

இத்தனை நாள் வளர்த்த கோபத்தை யார்மேல் இறக்குவது என்று தெரியாமல் நப்பின்னை உட்கார்ந்திருந்தாள். தணிகாசலம் அந்த விதியை அழித்தார். “நாளைலேர்ந்து நிக்காது மேடம்” என்றார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுநாள் அவள் மேம்பால நடைபாதையில் நின்றாள். ஒன்பது பத்து. மிதவைகள் இறங்கவில்லை, வழுக்கிக்கொண்டு போயின. அவளுக்குக் கண் கலங்கியது.

அரை நிமிடம்தான். ஒரு மஞ்சள் மிதவை தடுமாறியது. உள்ளே இருந்தவர் நிறுத்தும் பொத்தானை அழுத்திவிட்டார். அதன் பின்னால் பத்து, நூறு. எல்லா வண்டிகளும் மனிதக் கைகளால் ஓரம் ஒதுங்கி அமர்ந்தன. நடுவே ஒரு மருத்துவ மிதவை அலறியபடி வந்தது. அதற்குள்ளிருந்த உதவியாளரும் பொத்தானை அழுத்தினார். அலறல் அடங்கியது.

நப்பின்னை ஓடிப்போய் மஞ்சள் மிதவையின் கண்ணாடியைத் தட்டினாள்.

“ஏன் நிறுத்தினீங்க?”

“தானா நிக்கலைம்மா. ஏதோ கோளாறு போல. நல்லவேளை, நான் பாத்து அமுக்கினேன்.”

“ஐயோ, யாரும் வரலைங்க! இங்க யாருமே போகல!”

“வருவாங்க.”

“யாரு?”

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அதெல்லாம் நாம கேக்கலாமா? ஓரமா நில்லுங்கம்மா, யாராச்சும் பாத்துடப் போறாங்க.”