இன்ஜின் திரும்பி வந்த நாள்

"சரிதா! இன்ஜின் வந்து எறங்கனதும் ஷெட்ட பூட்டிட்டு சாவிய எங்கிட்ட குடுத்துடு. வேற யாரு கையும் படக்கூடாது!"

சிங்காரவேலு பேத்தியிடம்தான் சொன்னார். ஆனால் அடுப்படிவரை கேட்கட்டும் என்றே உரக்கச் சொன்னார். 'வேற யாரு' என்றால் யார் என்பது அந்த மந்தாரக்குப்பத்து வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

மலர்கொடி காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீரைத் தெளித்தாள். இந்த வீட்டின் மூத்த மருமகள் அவள். இருபது வருடமாகத் திருடி!

ஷெட்டில் நின்ற ஜாகுவார் கார் சிங்காரவேலுவின் உயிர். சுரங்கம் தோண்ட வந்த வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவர் ஊர் திரும்பும்போது, தனக்கு டிரைவராக இருந்த சிங்காரவேலுவிடம் கொடுத்துவிட்டுப் போன வண்டி. நீண்ட மூக்கும் கம்பிச் சக்கரமுமாகச் சுரங்க டவுன்ஷிப்பையே திரும்பிப் பார்க்க வைத்தது. பிறகு ரிப்பேராகித் தார்ப்பாய்க்குள் முடங்கியது. ஒருநாள் தார்ப்பாயை விலக்கினால், உள்ளே இன்ஜினையே காணவில்லை! அன்று, "நான்தான் வித்தேன்... எங்கப்பா வூட்டுக்குக் குடுத்தேன்" என்று மாமனார் முன்னால் தலைகுனிந்து நின்றாள் மலர்கொடி.

இப்போது அவள் கணவர் நெடுமாறன், சுரங்க ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், அந்தக் காரைப் பழையபடி ஓட வைக்கக் கங்கணம் கட்டியிருந்தார். துருப்பிடித்த அடித்தகட்டை வெட்டி எடுத்துப் புதிதாக வெல்டிங் வைத்தார். எலி கடித்த வயரையெல்லாம் மாற்றினார். இன்ஜின் வேண்டும் என்று போட்டோவோடு வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார். நெல்லிக்குப்பத்தில் ஒரு கரும்பு விவசாயியிடம் ஒன்று இருப்பதாகத் தகவல் வந்தது. அதுதான் இன்று வருகிறது. அதைப் பார்க்க மெட்ராஸிலிருந்து தம்பி செல்வகுமாரும் வந்திருந்தான்.

லோடு வண்டி வாசலில் நின்றது. சங்கிலியில் கட்டி இன்ஜினை இறக்கினார்கள். கூட வந்த விவசாயி சின்னதுரை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கரும்பாலைக்கு மாட்டலாம்னு வாங்கனேங்க. இது குடிக்கிற பெட்ரோலுக்குக் கட்டுப்படி ஆவல. மூலையில போட்டுட்டேன்..." என்றவர், சட்டென்று செல்வகுமாரை உற்றுப் பார்த்தார். "அட! தம்பி நீங்கதான இத எனக்கு வித்தது? அப்பாதான் விக்கச் சொன்னாருன்னு சொன்னீங்களே... மறந்துட்டீங்களா?"

செல்வகுமாரின் முகம் வெளுத்தது.

"இன்னாய்யா சொல்ற?" சிங்காரவேலு சின்னதுரை பக்கம் திரும்பினார். "வித்தவ என் மருமவ! அவளே ஒத்துகினா!"

"ஆமா மாமா, ஒத்துகினேன்!"

மலர்கொடி வாசலுக்கு வந்திருந்தாள். அவள் குரல் அப்படி உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

"ஃபிரண்டுங்களோட ஊர் சுத்த இத வித்துட்டு, அப்பா கொன்னுடுவாருன்னு பூச்சி மருந்து பாட்டில கையில வச்சிகினு நின்னான் உங்க சின்ன புள்ள. எந்தப் பொம்பள பாத்துகினு இருப்பா? நான் சொல்லிக்கறேன், நீ பாட்டிலக் கீழ வைடான்னேன். நாலு நாள்ல நானே உண்மைய சொல்லிடறேன் அண்ணின்னு என் காலப் புடிச்சிகினு அழுதியே செல்வா... அந்த நாலு நாளு இன்னும் முடியலியா?"

"பயமா இருந்துச்சி அண்ணி... அப்புறம் சொல்ல வாய் வரல..."

"உனக்கு வாய் வரல! எங்கப்பா திருட்டுக் காசு துன்னவர்னு பேர் வாங்கிகினு செத்தாரு. பெத்த பொண்ணு வூட்டு வாசல மிதிக்காமயே செத்தாரு!"

நெடுமாறன் தடுமாறி எழுந்து வந்து மனைவியின் கையைப் பிடித்தார். "மலரு... எனக்குத் தெரியாதும்மா..."

அவள் கையை உதறினாள்.

"தெரியாதா? கேட்டீங்களா? ஏன் வித்தேன்னு ஒரு வாட்டி... ஒரே ஒரு வாட்டி கேட்டிருந்தா உங்ககிட்ட மறைச்சிருப்பேனா? ஒரு போல்ட்டு தேஞ்சாக்கூட ஏன்னு கழட்டிப் பாக்கற மனுஷன் நீங்க. பொண்டாட்டிகிட்ட மட்டும் கேக்கத் தோணலியே!"

சரிதா அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். மகளின் தலையைத் தடவிவிட்டு, மலர்கொடி உள்ளே போய்ப் பையில் நான்கு புடவைகளை எடுத்து வைத்தாள்.

"என்னத் திருடின்னு எந்தெந்த வூட்டுல பேசனீங்களோ, அந்தந்த வூட்டுல போயி செல்வா அவன் வாயால சொல்லணும். போன்ல இல்ல... நேர்ல! அதுவரைக்கும் என்னக் கூப்புடாதீங்க."

குறிஞ்சிப்பாடி பஸ் ஏறித் தங்கை வளர்மதி வீட்டுக்குப் போய்விட்டாள்.

செல்வகுமார் முதலில் போனில் அழுது பார்த்தான். அவன் குரலைக் கேட்டதுமே அவள் துண்டித்தாள். வேறு வழியில்லாமல் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினான். டவுன்ஷிப் பிளாக்குகளில் இருந்த சொந்தங்களிடம், அத்தை வீட்டில், தன் மாமனார் வீட்டில்கூடப் போய்ச் சொன்னான். சில வீடுகளில் திட்டினார்கள். ஒரு வீட்டில் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. கடைசியாகக் குறிஞ்சிப்பாடிக்கு வந்து, மலர்கொடியின் அப்பா படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டான். அவள் பார்த்தாள். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

நெடுமாறன் யாரையும் உதவிக்குக் கூப்பிடாமல் இன்ஜினைத் தானே பிரித்தார். இறுகிப்போன பிஸ்டன்களை நாள்கணக்கில் எண்ணெயில் ஊறவைத்து எடுத்தார். வால்வுகளைத் தேய்த்து மாட்டினார். சீட்டுக்குப் புதுத் தோல் தைக்கக் கொடுத்தார். கரும்பச்சைப் பெயிண்ட் ஏறியது. முதன்முதலாக இன்ஜின் உறுமியபோது, சந்தோஷப்பட முடியாமல் ஷெட்டிலேயே உட்கார்ந்து அழுதார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வளர்மதியின் தெருவில் தறிச் சத்தம் நின்றது. நெய்துகொண்டிருந்தவர்களெல்லாம் வெளியே வந்து பார்த்தார்கள். நீண்ட பச்சைக் கார் ஒன்று மெதுவாக வந்து நின்றது. நெடுமாறன் ஓட்டி வந்தார். சிங்காரவேலு தடியூன்றி இறங்கினார். பின் சீட்டிலிருந்து செல்வகுமாரும் இறங்கி ஓரமாக நின்றான்.

"இங்க பாருங்க எல்லாரும்! என் மருமவ திருடி இல்ல. என் புள்ள உசுரக் காப்பாத்தனவ. கண்ணு இருந்தும் குருடனாக் கெடந்தவன் நான்தான்!"

சொல்லிக்கொண்டே மருமகளின் காலில் குனியப் போனார். மலர்கொடி பதறி அவரைத் தாங்கிப் பிடித்தாள். கிழவரின் உடம்பு குலுங்கியது. அவளுக்கும் அழுகை உடைத்துக்கொண்டு வந்தது.

"வூட்டுக்கு வாம்மா..."

"வரேன் மாமா. ஆனா பொய் சொல்ல மாட்டேன்... கோவம் இன்னும் போவல. அதுவும் என்கூடத்தான் வரும்."

"வரட்டும்மா. எவ்ளோ நாள் வேணும்னாலும் எங்களத் திட்டு."

நெடுமாறன் அவள் முகத்தைப் பார்த்தார். "நான் கேக்காம விட்டது தப்பு மலரு. இனிமே கேப்பேன். நீ சொல்லு."

அவள் தலையசைத்தாள். நெடுமாறன் அவள் பையை வாங்கிக் காருக்குள் வைத்தார். சிங்காரவேலு சிரமப்பட்டுப் பின் சீட்டில் ஒடுங்கிக்கொண்டார். முன் சீட்டின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றவன் செல்வகுமார்.

மலர்கொடி ஏறி உட்கார்ந்து, புடவைத் தலைப்பை இழுத்துக்கொண்டாள்.

"அண்ணி... நானும் பின்னாடி அப்பாகூட..."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை மாதங்களில் முதன்முறையாக அவனிடம் வாய் திறந்தாள்.

"நீ பஸ்ல வா."

கதவைத் தானே இழுத்துச் சாத்தினாள். வண்டி கிளம்பியது.