கில்மோர் பாதிரியாரின் கிறிஸ்துமஸ்

கிளேட்டனில் தன் வீட்டு வாசலில் சிவாஜினி நின்ற கோலத்தைப் பார்த்ததுமே புஷ்பவல்லி அடுப்பை அணைத்துவிட்டாள். ஓய்வுபெற்ற இன்சூரன்ஸ் துப்பறிவாளர் இராமனின் மனைவிக்கு வழக்கு வரும் வாசனை தெரியாதா என்ன!

“அங்கிள், என்ரை ஆராய்ச்சியைக் களவெடுத்துப் போட்டினம்.”

ஸ்காட்லாந்தில் மதச் சீர்திருத்தக் காலத்தில் வாழ்ந்த ஆண்ட்ரூ கில்மோர் பாதிரியாரைப் பற்றி அவள் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்துகொண்டிருந்தாள். கத்தோலிக்கக் குருவாக இருந்து சீர்திருத்தச் சபைக்கு மாறிய மனிதர். இரண்டு பக்கத்தாரும் அவரைத் துரோகி என்றார்கள். ஆனால் அவர் பழைய தோழர்களை ஒளித்துவைத்துக் காப்பாற்றியவர் என்று கண்டுபிடித்தவள் சிவாஜினி. நேற்று மாநாட்டில் சக மாணவி பிரவீணா அதைத் தன் கண்டுபிடிப்பாக முழங்கிவிட்டாள். இனிச் சிவாஜினி எழுதினால் அவளைத்தான் திருடி என்பார்கள். பட்டமும் போய்விடும்.

“பல்கலைக்கழகத்திலை எங்கடை ஆராய்ச்சி அறையிலை இருக்கிற நரேனுக்கு என்ரை பாஸ்வேர்ட் தெரியும்.”

“அவன்தான்! கட்டையில போறவன்!” என்று குதித்தாள் புஷ்பவல்லி.

“சும்மா இரு லா,” என்றார் இராமன். “நீங்க எழுதாத எதையாவது பிரவீணா பேசினாங்களா?”

“ஓம். கில்மோர் கிறிஸ்துமஸுக்கு ஏழைப் பிள்ளையளுக்குக் கேக் குடுத்தவராம். விசரி! அந்தச் சபை கிறிஸ்துமஸையே தடைசெய்தது. அவ ஆராயிறது அந்தக் காலத்துக் கப்பல் வணிகம், அவவுக்கு என்ன தெரியும்?”

“கிறிஸ்துமஸ் இல்லாத பாதிரியாரா?” வருடாவருடம் சர்ச்சில் கேரல் பாடும் புஷ்பவல்லிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“அப்ப அந்தக் கேக் எங்கேருந்து வந்துச்சு?” என்றார் இராமன்.

சிவாஜினியின் முகம் வெளிறியது. “அது நான் கட்டின கதை, அங்கிள். மகள் சாப்பிட அடம்பிடிக்க, குசினியிலை வைச்சுச் சொன்னனான்.”

“வேற யார் கேட்டாங்க?”

“நிதுஷன் மட்டும்தான்.”

அவள் கணவன் நிதுஷன் வெளியே காரில் காத்திருந்தான். நரேனை வாய்க்கு வந்தபடி திட்டியதை எண்ணிப் புஷ்பவல்லி கூசிப்போனாள்.

உள்ளே அழைத்து இராமன் கேக்கைப் பற்றிக் கேட்டதும், நிதுஷன் கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தான்.

“நான்தான் எல்லாத்தையும் பிரவீணாட்டைக் குடுத்தனான். கேக் கதையும் உண்மையெண்டு நினைச்சுச் சொன்னனான். சிட்னியிலை எனக்கு வேலை கிடைச்சும் நீ படிப்பு படிப்பெண்டு நிண்டாய். படிப்பு நிண்டா வருவாய் எண்டு…”

“என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, நிது!”

நம்பவைத்துக் கழுத்தை அறுத்தவன் தலைகுனிந்தான்.

“கேக்குக்கு ஆதாரம் எங்கேன்னு பல்கலைக்கழகத்துல கேக்கச் சொல்லுங்க,” என்றார் இராமன். “பிரவீணாவால காட்டவே முடியாது. அது உங்க வீட்டுல பிறந்த கதைன்னு நிதுஷனே சொல்லட்டும். உங்க ஆராய்ச்சி உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும்.”

சிவாஜினி தலையாட்டினாள். கணவனிடம் கையை நீட்டிக் கார்ச்சாவியை வாங்கினாள். பால் வாங்கக் கடைக்குக் கிளம்பினாலும் ‘போட்டு வாறன்’ என்று, திரும்பி வருவதையும் சேர்த்தே சொல்லும் பெண் அவள். வாசலில் ஒருகணம் நின்றாள்.

“நான் பிள்ளையை ஏத்திக்கொண்டு அக்கா வீட்டை போறன்.”