ஆட்சேபணை உண்டா?

கத்திரி வெயில் ஊரைப் பொரித்துக்கொண்டிருந்த மத்தியானத்தில் ஜானகிராமனின் லேப்டாப் சில்லென்று இருந்தது. வழக்கமாகப் பத்து நிமிஷத்தில் தோசைக்கல்லாகக் காயும் சனியன். இன்றைக்கு விசையில் வைத்த விரல்நுனி மரத்துப்போனது. கரெண்ட் வேறு போயிருந்தது. ஏசியும் ஃபேனும் நின்றுவிட்டன, இன்வெர்ட்டர் புண்ணியத்தில் இன்டர்நெட் மட்டும் உயிரோடு இருந்தது. லேப்டாப்பை விற்ற கடைக்காரனை மனசுக்குள் நாலு வார்த்தை திட்டிவிட்டு அவர் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

"ஏசி போட்டுட்டீங்களா சார்?" அமிர்தவல்லி கதவைத் திறந்து தலையை நீட்டினாள். உழவர்கரையிலிருந்து பஸ் ஏறி வந்து ஆபீஸைப் பெருக்கி டீ போட்டுக் கொடுக்கிறவள். "ஐஸ் கம்பெனிக்குள்ள நுழைஞ்சாப்ல இருக்குதே!"

"கரெண்டே இல்ல. ஏசி எங்கேருந்து ஓடும்? மூளைய வீட்லயே வச்சிட்டு வந்துட்டியா?"

"வாசல்லயும் தண்ணியா நிக்குது சார். தொடச்சேன், திரும்ப நிக்குது."

"தொடைக்கத்தான் சம்பளம். போ."

"மத்தியானம் மூடுன கடைங்க சாயங்காலந்தான் தெறப்பாங்க. பால் வாங்கிக்கினு வந்து டீ போட்டுடறேன்." கதவு சாத்திக்கொண்டது.

ஜானகிராமனுக்கு உலகத்தில் யாரையும் பிடிக்காது. டீ போடுகிறவளும் முட்டாள், ஜெர்மனியில் மூன்று பட்டம் வாங்கியவனும் முட்டாள். தென்துருவக் கடலைப் பதினோரு நாடுகள் சேர்ந்து கண்காணிக்கிற கூட்டமைப்புக்கு இவர்தான் தற்காலிகச் செயலாளர். எந்தக் கப்பல் எந்தப் பனிக்கட்டியை நோக்கிப் போகலாம், எவன் கருவியை எவன் தூக்கி வரலாம் என்பதையெல்லாம் புதுச்சேரியில் பழைய பிரெஞ்சு வீடு ஒன்றின் மாடியறையில் உட்கார்ந்து ஏற்பாடு செய்வார். மனுஷன் பனிக்கட்டியைப் பார்த்தது ஃப்ரிட்ஜில் மட்டும்தான். ஆனால் கூட்டம் தொடங்கும்போது பிரெஞ்சுக்காரன் கணக்காக 'போன்ழூர்' என்று வணக்கம் சொல்வார் பாருங்கள், தென்துருவத்தையே அவர் தாத்தா பட்டா போட்டுக் கொடுத்துவிட்டுப் போன மாதிரி இருக்கும்.

இன்றைக்கு அந்தத் 'தற்காலிகம்' போக வேண்டும். அவரை நிரந்தரச் செயலாளராக்கும் தீர்மானம் வருகிறது. கூட்டமைப்பில் கையைத் தூக்கும் வழக்கம் கிடையாது. தலைவி தீர்மானத்தைப் படிப்பார், "ஆட்சேபணை உண்டா?" என்பார். யாரும் வாய் திறக்காவிட்டால் நிறைவேறியது. ஒரே ஒரு ஆள் ஆட்சேபித்தாலும் விழுந்தது. எல்லோருடைய மைக்கையும் திறக்கிற, அடைக்கிற அதிகாரம் செயலாளரிடம்.

அந்த அதிகாரத்தை அவர் ஜனவரியில் ஒருமுறை நன்றாகவே பயன்படுத்தியிருந்தார். கனகசெட்டிக்குளத்து மீனவர் வீட்டிலிருந்து படித்து வந்த கடல் விஞ்ஞானி கார்குழலி அப்போது பனிமேல் கூடாரம் போட்டுக் கடலடிக் கருவிகளை மேலே எடுத்துக்கொண்டிருந்தாள். பணம் கொடுக்கிற நாட்டின் பெரிய மனிதர்கள் வேறொரு தளத்தில் காத்திருந்தார்கள், கப்பல் அவளை விட்டுவிட்டு அவர்களை ஏற்றப் போக வேண்டும் என்று தீர்மானம். அவள் சேட்டிலைட் இணைப்பில் வந்து கத்தினாள். அலை இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. "சார், பனி வெடிக்குது, கப்பல அனுப்பாதீங்க, நேத்து ராத்திரியிலேருந்து காலுக்கு அடியில..." வாயைத் திறந்தால் மூடமாட்டாளே இந்தம்மா என்று எரிச்சல் வந்தது. அடைத்தார். அடைத்துவிட்டு ஒன்றும் தெரியாத பிள்ளையாகச் சொன்னார்: "மேடம், உங்க சத்தம் வரல."

தீர்மானம் நிறைவேறியது. கப்பல் போனது. அன்றைக்கே பனி பிளந்தது. கூட இருந்தவர்கள் ரப்பர் படகில் ஏறிவிட்டார்கள், அவள் ஏறவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. இணைப்பு அறுந்துவிட்டது, பாவம், என்று பதினோரு நாடும் நம்பியது.

கூட்டம் தொடங்கியது. திரையில் கட்டம் கட்டமாக முகங்கள் வந்தன. தலைவி இங்ரித், நார்வேக்காரி, குதிரைப் பல். ஆஸ்திரேலியாக்காரன் பீரும் கையுமாக. ஜெர்மன்காரன் எப்போதும்போல மூக்கைச் சொறிந்துகொண்டு. ஜானகிராமன் எண்ணிப் பார்த்தார். ஒரு கட்டம் அதிகமாக இருந்தது.

கடைசி வரிசையில், கறுப்பாக. கீழே பெயர், கார்குழலி. பக்கத்தில் சிவப்புக் கோடு போட்ட மைக், அடைத்தது அடைத்தபடி.

எவனோ மடையன் பழைய இணைப்பில் நுழைந்திருக்கிறான் என்று அதை வெளியே தள்ளினார். போனது. இங்ரித் வரவேற்புரை சொல்லி முடிப்பதற்குள் திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது. மறுபடி தள்ளினார். விசைப்பலகைமேல் வியர்த்த மாதிரி பொடிப்பொடியாகத் தண்ணீர் நின்றது. தொட்டு நாக்கில் வைத்தார், ஏன் வைத்தார் என்று அவருக்கே தெரியாது. உப்புக் கரித்தது.

கட்டம் திரும்ப வந்தது.

இப்போது அது கறுப்பாக இல்லை. ஆழத்திலிருந்து மேலே பார்க்கிறபோது தெரிகிற கருநீலமாக இருந்தது, மேல்விளிம்பில் மட்டும் பால்கண்ணாடி வழியாக வருகிற மாதிரி வெளிச்சம் ஒழுகியது, அந்த வெளிச்சத்தில் கறுப்பாக ஏதோ நூல்நூலாக மிதந்தது. தலைமுடி என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மூடிய ஜன்னல் பலகைகளின் இடுக்கில் தெருவெயில் கொதித்துக்கொண்டிருக்க, அவர் விட்ட மூச்சு வாய்க்கு முன்னால் வெள்ளையாகப் புகைந்தது. டீசலும் நனைந்த கம்பளியும் கலந்த வாடை வந்தது. தலைக்கு மேலே தேக்கு உத்தரம் நீளமாக, மெதுவாக முனகியது. மரம் அப்படி முனகாது. அவள் அனுப்பிய ஒலிப்பதிவுகளில் கேட்டிருக்கிறார், பனி அப்படித்தான் முனகும்.

"ஜானகிராமன், உடம்பு சரியில்லையா?" என்றார் இங்ரித். "கடைசிக் கட்டத்தில் ஒன்றும் தெரியவில்லையா உங்களுக்கு?" என்று திருப்பிக் கேட்க ஜானகிராமன் வாயெடுத்தார். கேட்டால் பைத்தியக்காரன் என்பார்கள். பதவி போய்விடும். பல் கிட்டிக்க, "ஒன்றுமில்லை, படியுங்கள்" என்றார். அவ்வளவு பயத்திலும் மனுஷனுக்குப் பதவிதான் முக்கியம்.

இங்ரித் படிக்க ஆரம்பித்தார்.

நீலத்துக்குள்ளிருந்து முகம் ஒன்று மேலே வந்தது. வந்து கண்ணாடியில் ஒட்டியது. கண்கள் திறந்திருந்தன. வாய் அசைந்துகொண்டிருந்தது. நிற்காமல். ஜனவரியிலிருந்து நிற்காமல்.

"...நிரந்தரச் செயலாளராக நியமிக்கப்படுகிறார். ஆட்சேபணை உண்டா?"

யாரும் பேசவில்லை. அவள் வாய் மட்டும்.

அவர் மைக்குகளையெல்லாம் அடைத்தார். ஒன்று விடாமல். அவள் பெயருக்குப் பக்கத்திலிருந்த சிவப்புக் கோடு மெதுவாக அழிந்தது. தன் பெயருக்குப் பக்கத்தில் அது வந்து விழுவதைப் பார்த்தார்.

"...வெடிக்குது சார்," என்றது குரல்.

லேப்டாப்பிலிருந்து இல்லை. நாற்காலிக்குக் கீழேயிருந்து. குனிந்து பார்த்தார். தரை சிமென்ட் நிறத்தில் இல்லை. வெளுத்திருந்தது. வெளுப்புக்கு அடியில் கறுப்பு. கறுப்புக்குள் ஒரு உள்ளங்கை, அவருடைய செருப்புக்கு நேர் கீழே, விரித்தபடி.

விரிசல் ஓடியது. நாற்காலிக்கால் வரை.

கத்தினார். சத்தம் இல்லை. திரும்பக் கத்தினார். வாய் நிறைய உப்பு. குளிர். எலும்புக்குள் குளிர்.

"ஜானகிராமன்? உங்களுக்கும் ஆட்சேபணை இல்லையே?" இங்ரித்தின் குரல் எங்கோ மேலே, கலங்கலாகக் கேட்டது. அப்புறம் சிரிப்பு. "சந்தோஷத்தில் வாயடைத்துவிட்டது போல. சரி, நிறைவேறியது. வாழ்த்துகள்!"

கைதட்டினார்கள். ஒவ்வொரு கட்டமாக அணைந்தது. மேலே ஒரே ஒரு வெளிச்சம் மிச்சமிருந்தது, சதுரமாக, தடிமனான கண்ணாடிக்கு அந்தப் பக்கம். அதில் அவருடைய அறை தெரிந்தது. உத்தரம், ஜன்னல், இடுக்கு வெயில். காலி நாற்காலி. முஷ்டியால் குத்தினார். கை மெதுவாகத்தான் போனது, தண்ணீருக்குள் போகிற மாதிரி. பக்கத்தில் யாரோ இருந்தார்கள். நீளமான முடி அவர் கழுத்தைத் தடவிக்கொண்டு போனது.

கதவு திறந்தது. அமிர்தவல்லி, கையில் டீ டம்ளர்.

"சார்?" நாற்காலியைப் பார்த்தாள். மேஜையைப் பார்த்தாள். குனிந்தாள். அவள் முகம் வானம் அளவுக்குப் பெரிதாக அவருக்கு மேலே வந்து நின்றது. "தோ, இதுல இருக்காரு! எங்க சார் போனீங்க, சொல்லாம கொள்ளாம?"

அவர் கண்ணாடியில் முகத்தை அழுத்தினார். இழு. அமிர்தவல்லி, என்னை வெளியே இழு. உன் காலில் விழுகிறேன். வாயை முடிந்த அளவுக்கு விரித்து விரித்துச் சொன்னார்.

அவள் காதைத் திரைக்கு அருகில் கொண்டுவந்தாள். கொஞ்ச நேரம் கவனமாகக் கேட்டாள். அப்புறம் தலையை ஆட்டினாள்.

"உங்க சத்தம் வரல சார்," என்றாள். "கரெண்ட் வந்தப்புறம் பேசுங்க."

சார்ஜ் வீணாகப் போகிறதே என்று லேப்டாப்பை மூடினாள்.