ரொட்டி வண்டியும் உப்புத் தேநீரும்

எங்கள் ஊரில் மருத்துவ வண்டி ஒன்றே ஒன்றுதான். பழைய சாம்பல் நிற வேன். முன்னும் பின்னும் ஒரே மாதிரி மொழுக்கென்று இருப்பதால் அதை எல்லாரும் 'ரொட்டி' என்றுதான் கூப்பிடுவோம். அந்த ரொட்டிதான் அன்று காலை குவ்ஸ்குல் ஏரியின் உறைபனியை உடைத்துக்கொண்டு, மூக்குக் குப்புற மாட்டிக்கொண்டு நின்றது.

முன் சக்கரங்கள் இரண்டும் தண்ணீருக்குள். பின் சக்கரங்கள் மட்டும் பனிக்கட்டி மேல். இன்னும் கொஞ்சம் சரிந்தால் மொத்த வண்டியும் உள்ளே போய்விடும். நாடு முழுக்கத் தேடினாலும் எங்கள் ஏரி அளவுக்கு ஆழமான ஏரி கிடையாது. உள்ளே போனது போனதுதான்.

வண்டியை ஓட்டி வந்தவர் ஒயூன். ஊருக்கு ஒரே நர்ஸ் அவர்தான். ஏரியின் மேல் ஓட்டும்போது நாங்கள் பெல்ட் போட மாட்டோம், கதவையும் திறந்தே வைத்திருப்போம். அதனால் பனி படபடவென்று உடைந்ததும் அவர் வெளியே குதித்துத் தப்பிவிட்டார். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

காரணம், ஏரிக்கு அக்கரையில் நாரா என்ற பெண்ணுக்குப் பிரசவ வலி தொடங்கியிருந்தது. குழந்தை குறுக்கே கிடக்கிறதாம். அவளைப் படுக்கவைத்து, குளிர் படாமல், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவர ரொட்டியை விட்டால் வேறு வண்டி இல்லை. மோட்டார் சைக்கிளில் முடியாது. லாரியை ஏரியின் நடுவே கொண்டுபோனால் அதற்கும் இதே கதிதான்.

ஒயூன் கரையில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். "பயப்படாதே நாரா. மூச்சை மெதுவா இழுத்து விடு. நான் வந்துடறேன். கண்டிப்பா வந்துடறேன்."

அம்மாவின் குரல் நடுங்குவதைப் பக்கத்தில் நின்ற ஒயூனின் மகள் துல்மா கேட்டாள். அவளுக்குப் பத்து வயது. அம்மாவின் குரல் நடுங்கி அவள் அதுவரை கேட்டதில்லை.

செய்தி பரவிய வேகத்தில் ஊரே ஏரிக்கு வந்துவிட்டது. முதலில் வந்தவர் தாம்பா. லாரிக்காரர், பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். வீட்டிலிருந்து கழிப்பறைக்குக்கூட லாரியில் போகிற ஆள் என்று ஊரில் கேலி செய்வார்கள். லாரியை வேனுக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து நிறுத்தினார்.

"கம்பியைக் கட்டு! ஒரே இழுப்பு! வந்துரும்!"

"வரும், வரும். பம்பர் மட்டும் வரும்" என்றார் தச்சர் லுவ்சான். "மூணு மரத்தை முக்காலி மாதிரி நட்டு, கப்பி போட்டு மேலே தூக்கணும்."

"தூக்கறதுக்கு இது என்ன ஆட்டுக்குட்டியா?"

அதற்குள் ஒருவர் இரண்டு யாக் எருதுகளைக் கூட்டிவந்தார். அவை வழுக்கும் பனியை ஒருமுறை பார்த்தன. பிறகு அப்படியே படுத்துவிட்டன. அடித்தும் எழவில்லை, கொஞ்சியும் எழவில்லை.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. எங்கே கூட்டம் கூடினாலும் அங்கே உப்புத் தேநீர் கொதிக்க வேண்டும். எங்கே தேநீர் கொதித்தாலும் அங்கே கூட்டம் கூடிவிடும். யாரோ வேனுக்குப் பக்கத்திலேயே தகர அடுப்பை வைத்தார்கள். யாரோ பால் கொண்டுவந்தார்கள். யாரோ ஒரு பை நிறைய எண்ணெய்ப் பலகாரம் கொண்டுவந்தார்கள். ஏரி வழியாகப் போனவர்களும், "என்னாச்சு?" என்று கேட்டு, மோட்டார் சைக்கிளை நிறுத்தி, ஒரு கிண்ணத்தை வாங்கிக்கொண்டார்கள். கையில் கிண்ணம் வந்ததும் எல்லாருக்கும் யோசனையும் வந்துவிட்டது.

தேநீருக்குத் தண்ணீர் எடுப்பது துல்மாவின் வேலை. அடுப்புக்கு அருகே பனியில் ஒரு துளை வெட்டிக் கொடுத்திருந்தார்கள். முதல் முறை அவள் குனிந்து, கையை முழங்கை வரை விட்டுத்தான் மொண்டாள். இரண்டாம் முறை மணிக்கட்டு நனைந்தது. மூன்றாம் முறை அவள் குனியவே வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் துளையின் விளிம்பைத் தாண்டி வந்து அவள் பூட்ஸை நனைத்தது.

துல்மா நின்று யோசித்தாள். ஏரியில் தண்ணீர் கூடவில்லை. அப்படியென்றால் பனிதான் கீழே இறங்குகிறது. ஏன் இறங்குகிறது?

அவள் நிமிர்ந்து பார்த்தாள். லாரி. பன்னிரண்டு மோட்டார் சைக்கிள்கள். இரண்டு யாக். பாதி ஊர்.

ஓடிப்போய் தாம்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "மாமா! பனி இறங்குது மாமா! எல்லாரும் ஒரே இடத்துல நிக்கறோம்!"

"ஆமாம் கண்ணு, ஆமாம். இன்னொரு கிண்ணம் ஊத்து" என்றார் தாம்பா.

"லுவ்சான் மாமா! தண்ணி மேலே வருது!"

"கொஞ்சம் இரும்மா. இந்த ஆளுக்கு முக்காலின்னா என்னன்னு சொல்லிட்டு வரேன்."

யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அம்மாவோ போனை விட்டு விலக முடியாது. துல்மாவுக்கு அழுகை வந்தது. அந்த நேரத்தில் வேன் 'கிரீச்' என்று ஒரு விரல் அளவு சரிந்தது. கூட்டம் முழுக்க "அய்யோ" என்றது. என்ன ஆச்சு என்று பார்க்க எல்லாரும் இன்னும் இரண்டடி நெருங்கி வந்தார்கள்!

கத்தினால் இவர்கள் கேட்கப்போவதில்லை. துல்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு தேநீர்ப் பானையைத் துணியால் பிடித்துத் தூக்கி, பக்கத்தில் கிடந்த சறுக்கு வண்டியில் வைத்தாள். பலகாரப் பையையும் கிண்ணங்களையும் வைத்தாள். அடுப்பை அப்படியே விட்டுவிட்டு, வண்டியைக் கரைக்கு இழுத்துக்கொண்டு போனாள். தரையில் ஏறி, கல் அடுக்கி, சுள்ளி பொறுக்கித் தீ மூட்டினாள்.

காற்று ஏரிப் பக்கம் வீசியது. பால் மணம் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

முதலில் இரண்டு பேர் வந்தார்கள். பிறகு ஏழு பேர். பிறகு மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக வந்தன. யாக் எருதுகள்கூட, தரையில் புல் தெரிகிறதே என்று தாமாகவே எழுந்து நடந்து வந்தன. கடைசியில் லாரி உறுமியது. நடந்தே வரக்கூடிய தூரத்துக்குத் தாம்பா லாரியில்தான் வந்தார்.

"ஏன் பொண்ணே, தேநீரை இவ்வளவு தூரம் கடத்திட்டு வந்துட்டே?"

"அங்கே போய்த் துளையைப் பாருங்க மாமா. நடந்து போங்க."

லுவ்சான் போய்ப் பார்த்தார். குனிந்து கையை விட்டார். முழங்கை வரை போன பிறகுதான் தண்ணீர் தட்டுப்பட்டது; விளிம்பைத் தாண்டி வந்த தண்ணீர் மறுபடி இறங்கியிருந்தது. அவர் அப்படியே துளைக்கு அருகே உட்கார்ந்துவிட்டார்.

திரும்பி வந்தவரின் குரலில் சண்டை இல்லை. "தாம்பா, வண்டியை நாமதான்யா அமுக்கிட்டு இருந்திருக்கோம். இந்தப் பொண்ணு சொல்லிச்சு. நான் முக்காலி பத்திப் பேசிட்டிருந்தேன்."

தாம்பா கிண்ணத்தைக் கீழே வைத்தார். "சரி. இப்ப என்ன பண்ணலாம் துல்மா?"

"இங்கேருந்தே இழுத்தா என்ன மாமா? தரை உடையாதே."

நல்ல யோசனைதான். லுவ்சானும் இன்னொருவரும் மட்டும் வேனுக்குப் போனார்கள். அதன் மூக்கு தட்டாமல் ஏறிவரப் பனியின் விளிம்பைச் சரிவாகச் செதுக்கினார்கள். பின் சக்கரங்களுக்கு அடியில் மரங்களைத் தள்ளி, மேலே தண்ணீர் ஊற்றினார்கள். ஊற்றிய தண்ணீர் உடனே உறைந்து கண்ணாடியாய் வழுக்கியது. லாரியின் கயிறு, யாக் கயிறு, கூடாரம் கட்டும் கயிறு எல்லாவற்றையும் முடிச்சுப் போட்டுக் கரையை நோக்கி நீட்டினார்கள்.

எட்டவில்லை. ஒரு வீட்டு அகலம் குறைந்தது.

துல்மா தன் அங்கியின் மேல் கட்டியிருந்த நீளமான இடுப்புக் கச்சையை அவிழ்த்தாள். தாம்பாவிடம் நீட்டினாள்.

பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கச்சை இல்லாமல் ஓர் ஆண்பிள்ளை நாலு பேர் முன்னால் நிற்பதாவது!

"மானம் போயிடுமே" என்று முனகினார் தாம்பா.

"மானம் போனா திரும்ப வாங்கிக்கலாம். வண்டி போனா வராது மாமா."

தாம்பா பெருமூச்சு விட்டு அவிழ்த்தார். அவிழ்த்தார், அவிழ்த்துக்கொண்டே இருந்தார். அந்த வயிற்றைச் சுற்றின கச்சை அல்லவா! "உன்னோடது ஒண்ணே போதும்யா" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்துக்கொண்டே தங்கள் கச்சைகளையும் அவிழ்த்தார்கள். மூன்று மூன்றாக முறுக்கிக் கட்டினார்கள்.

"லாரியில கட்டாதீங்க. வெடுக்குன்னு இழுத்தா அறுந்துடும்" என்று லுவ்சான் அங்கிருந்து கத்தினார். "கையால இழுங்க. மெதுவா!"

கயிற்றுக்கு ஒரு பக்கம் மனிதர்கள், இன்னொரு பக்கம் யாக் எருதுகள், எல்லாரும் கரையில் நின்று சேர்ந்து இழுத்தார்கள். அங்கிகள் எல்லாம் காற்றில் பறந்தன. பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்தது, ஆனால் இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"ஏலேலோ!" என்றார் தாம்பா. கயிறு விறைத்தது. ஒரு முடிச்சு 'நற' என்றது. துல்மா கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள்.

வேன் அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது. பிறகு தண்ணீரைக் கொட்டிக்கொண்டு, பின்பக்கமாகவே வழுக்கி வழுக்கிக் கரையை நோக்கி வந்தது. இழுத்தவர்கள் எல்லாரும் பின்னால் சரிந்து ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். தாம்பாவுக்கு அடியில் அகப்பட்டவர்களை முதலில் காப்பாற்ற வேண்டியதாயிற்று.

என்ஜினுக்கு அடியில் தணலை வைத்துச் சூடு காட்டினார்கள். ரொட்டி இருமியது, தும்மியது, பிறகு ஓடத் தொடங்கியது. ஒயூன் மகளின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, விரிசலைச் சுற்றிக்கொண்டு, கதவைத் திறந்துவைத்தபடி ஏரியில் கிளம்பினார். வேன் புள்ளியாகி மறையும் வரை துல்மா பார்த்துக்கொண்டே நின்றாள்.

யாரும் வீட்டுக்குப் போகவில்லை. கரையில் தீயை வளர்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். வெயில் சாயும் நேரத்தில் தாம்பாவின் போன் அடித்தது. அவர் அதைத் துல்மாவிடம் கொடுத்துவிட்டார்.

"துல்மா! நாராவோட புருஷன்தான் ஓட்டறார்" என்று அம்மா கத்திச் சொன்னார். "ஆஸ்பத்திரிக்குப் போக அவசரமே இல்லை இப்ப. குறுக்கே கிடந்த குழந்தை தானாவே திரும்பி, வழியிலேயே பிறந்துட்டா! பொண்ணு! வண்டிக்குள்ளேயே! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. இரு, அழறா, கேளு!"

துல்மா போனை உயர்த்திப் பிடித்தாள். சின்னஞ்சிறு அழுகைச் சத்தம் கேட்டது. ஊர்க்காரர்கள் எல்லாரும் கேட்க ஆசைப்பட்டு அடியெடுத்து வைத்தார்கள். உடனே தாம்பா கையை நீட்டித் தடுத்தார். "ஒரே இடத்துல கூடாதீங்க! தள்ளி நில்லுங்க!" எல்லாரும் பயந்துபோய் அப்படியே நின்றுவிட்டார்கள்.

துல்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"மாமா, இது தரை! எல்லாரும் கிட்ட வாங்க!"